திட்டுறதை அப்புறம் பார்த்துக்கலாம், முதல்ல சொல்லு

பிள்ளைகளிடம் பாலுறவு பற்றிப் பேச வேண்டும் என்றாலே பெரும்பாலான பெற்றோருக்கு ஒரே கவலைதான். பேசினால் நாமே தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ? அதனால் பேச்சு முழுக்க "செய்யாதே" என்பதையே சுற்றிச் சுற்றி வரும், இல்லையென்றால் பேச்சே நடக்காது. எனக்கு வேறு ஒரு கணக்கு. என் பையனுக்கு 19 வயது, மகளுக்கு 13. அவர்கள் எதுவுமே செய்யாமல் இருக்க வேண்டும் என்பதற்காக நான் பேசுவதில்லை (அந்த ஆசை எந்தத் தாய்க்கும் இருக்கும், அது வேறு கதை). ஏதாவது ஆகிவிட்டால், ஆணுறை கிழிந்துவிட்டால், யாராவது வற்புறுத்திவிட்டால், போதையில் என்ன நடந்தது என்றே நினைவில்லாமல் விழித்தால், மறுநாள் காலைக்குள் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். நான் பேசுவதெல்லாம் அந்த ஒரு காலைக்காகத்தான்.

ஏன் இவ்வளவு குறிப்பாக மறுநாள் காலை என்கிறேன் என்றால், எச்.ஐ.வி. உடலுக்குள் போன உடனேயே நிரந்தரமாகத் தங்கிவிடுவதில்லை. நுழைந்த இடத்தில் உள்ள செல்களைப் பிடித்து, அங்கிருந்து நிணநீர்க் கணுக்களுக்குப் போய், அப்புறம் ரத்தத்தில் பரவ அதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில், வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தொடங்கிவிட்டால் தொற்று வேர்விடாமலே போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. பெப் என்று சொல்வார்கள். 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இதில் பலர் தப்பாகப் புரிந்துகொள்வது, மூன்று நாள் இருக்கிறதே, திங்கட்கிழமை போனால் போதும் என்று. அப்படி இல்லை. 72 என்பது கடைசி வரம்பு. எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது, முதல் 24 மணி நேரத்துக்குள் என்றால் ரொம்ப நல்லது. கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மாத்திரைக்கும் இதே அவசரம் உண்டு. ஆனால் அது கர்ப்பத்துக்கு மட்டும்தான், எச்.ஐ.வி.யை அது ஒன்றும் செய்யாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது 18 வயதுப் பிள்ளை ஒன்றை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை ராத்திரி ஏதோ நடந்துவிட்டது. ஞாயிறு முழுக்கப் போர்வைக்குள் கிடந்து போனில் தேடுகிறது. திங்கட்கிழமை நெருங்கிய நண்பனிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லாமல் திரும்பி வருகிறது. செவ்வாய் சாயங்காலம் ஒருவழியாகச் சொன்னால், அந்த நண்பன் "ஒண்ணும் ஆகாதுடா, விடு" என்கிறான். அன்று ராத்திரியோடு 72 மணி நேரம் முடிந்தது. அந்த வீட்டில் அப்பாவும் அம்மாவும் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். மூன்று நாளும் போனது "தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்ற ஒரே பயத்தில்.

அதனால்தான் பயமுறுத்தி வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் தலைமுறைக்கு எச்.ஐ.வி. அறிமுகமானதே மண்டை ஓட்டோடுதான். கறுப்புச் சுவரொட்டி, எலும்புக்கூடு, மரணம். அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1981 ஜூனில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கையில், லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு வந்த விசித்திரமான நிமோனியா பற்றி முதன்முதலாக எழுதினார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் அதற்கெல்லாம் காரணமான எச்.ஐ.வி. வைரஸையே கண்டுபிடித்தார்கள். முதல் மருந்து வந்தது 1987இல், அதுவும் தனியாகப் பெரிய பலன் தரவில்லை. 1996 வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் நிலைமை தலைகீழாக மாறியது. நம்மில் பலருடைய அறிவு அந்த மாற்றத்துக்கு முன்னாடியே நின்றுவிட்டது. அதையே பிள்ளைகளுக்கும் ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று 1991 நவம்பரில் அறிவித்தபோது, இன்னும் சில வருடம்தான் என்று உலகமே முடிவு கட்டியது. அவர் 60 வயதைத் தாண்டிவிட்டார். என் பையனுக்கு அவரைப் பற்றிச் சொன்னபோது அவன் நம்பவில்லை, உடனே போனில் தேடிப் பார்த்தான். இன்றைக்கு இளம் வயதிலேயே கண்டுபிடித்து, பெரும்பாலும் தினமும் ஒரு மாத்திரை என்று ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தால், மற்றவர்களுக்கு இணையான ஆயுள் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், மருந்தால் ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து உடலுறவு மூலம் இன்னொருவருக்குப் பரவுவதில்லை. தம்பதிகளில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து, மருந்தால் கட்டுக்குள் இருந்த நூற்றுக்கணக்கான ஜோடிகளை ஐரோப்பாவில் வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் ஆணுறை பயன்படுத்தாதவர்கள். துணையிடமிருந்து துணைக்குத் தொற்றியது ஒன்றுகூட இல்லை.

"இதையெல்லாம் சொன்னா பயமே போயிடுமே" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். போகட்டும் என்றேன். பயந்த பிள்ளை பரிசோதனைக்குப் போகாது, ஏனென்றால் முடிவு மரண தண்டனை என்று நினைத்துக்கொண்டிருக்கும். போகாத பிள்ளைக்கு மருந்து கிடையாது, மருந்தில்லாதவரிடமிருந்துதான் பரவும். பேசினால் சீக்கிரம் ஆரம்பித்துவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட பாலியல் கல்வி வழிகாட்டியில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்திருக்கிறார்கள். பாலியல் கல்வியால் உடலுறவோ ஆபத்தான நடத்தையோ அதிகமாவதில்லை, பல இடங்களில் முதல் உறவு தள்ளித்தான் போகிறது, ஆணுறை பயன்பாடு கூடுகிறது. ஆனாலும் இதை எத்தனை முறை சொன்னாலும் சில பேர் தலையாட்டிவிட்டு அடுத்த நிமிடம் அதே கேள்வியைக் கேட்பார்கள். சரி, விடுங்கள்.

எப்படிப் பேசுவது? உட்கார வைத்து, கதவைச் சாத்தி, தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தால் பிள்ளை அந்த நிமிடமே காதை மூடிக்கொள்ளும். எனக்குச் சரிப்பட்டு வந்தது வேறு வேலை செய்துகொண்டே பேசுவது. துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது. முகம் பார்க்கத் தேவையில்லாத நேரங்கள். இரண்டு நிமிடம் பேசுவேன், அப்புறம் வேறு பேச்சு. சின்ன வயதிலேயே உறுப்புகளுக்கு உள்ள பெயரைச் சொல்லியே பழக்கிவிட்டால் பின்னால் பாதி வேலை மிச்சம். பீரியட்ஸும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் வருவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். வந்த பிறகு சொன்னால் அந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு ராத்திரி பயந்து முடித்திருக்கும். இன்னொன்று, பையனுக்குப் பெண்ணின் உடலைப் பற்றியும், பெண்ணுக்குப் பையனின் உடலைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

மகள் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, எச்.ஐ.வி. இருக்கறவங்களைக் கட்டிப்பிடிச்சா வருமா?"

"வராது."

"அவங்க குடிச்ச டம்ளர்ல குடிச்சா?"

"வராது. எச்சில்ல பரவாது."

"கொசு கடிச்சா?"

"வராது. கொசு நம்ம உடம்புக்குள்ள விடுறது அதோட எச்சிலை, முன்னாடி கடிச்சவரோட ரத்தத்தை இல்ல. கொசு வயித்துக்குள்ள போன வைரஸ் அங்கேயே செத்துடும்."

"அப்போ எப்படித்தான் வரும்?"

ரத்தம், விந்தும் அதற்கு முன் வரும் கசிவும், பெண்ணுறுப்புத் திரவம், ஆசனவாய்த் திரவம், தாய்ப்பால். இவ்வளவுதான் என்றேன். பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொள்வது, தாயிடமிருந்து குழந்தைக்கு. அவள் சட்டையை மடிப்பதை நிறுத்திவிட்டு, "அவ்ளோதானா? இதுக்கா பக்கத்துல உட்காரவே பயப்படுறாங்க?" என்றாள். அப்போதுதான் ரயன் வைட் என்ற அமெரிக்கச் சிறுவனைப் பற்றிச் சொன்னேன். ரத்தம் உறையாத நோய்க்காக அவனுக்குக் கொடுத்த மருந்து, மற்றவர்களுடைய ரத்தத்திலிருந்து தயாரிப்பது, அதன் வழியாகத் தொற்று வந்தது. 1984இல் தெரியவந்தபோது அவனுக்கும் 13 வயதுதான். பள்ளிக்கூடத்துக்குள் விடமாட்டோம் என்றார்கள், வழக்குப் போட்டுத்தான் திரும்பப் போனான். 1990இல் இறந்துபோனான். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், எச்.ஐ.வி. இருக்கிற அம்மாவுக்குப் பிறக்கிற குழந்தைக்கும் கண்டிப்பாக வருமா என்று கேட்டாள். எதுவும் செய்யாமல் விட்டால் நூற்றில் 15 முதல் 45 வரை வரலாம், கர்ப்பத்திலேயே மருந்து எடுத்து, குழந்தைக்கும் கொடுத்தால் அது 5க்கும் கீழே இறங்கிவிடும் என்று சொன்னேன். உங்கள் பிள்ளையின் வகுப்பிலேயே பிறப்பிலிருந்து மாத்திரை சாப்பிடும் பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்காகவும்தான் இந்தப் பேச்சு.

பையனிடம் பேசியது வேறு மாதிரி. அவன் வீட்டை விட்டுத் தங்கிப் படிக்கப் போவதற்கு முன்னால் ஒரு ஆணுறைப் பெட்டியை வாங்கி வந்து மேஜை மேல் வைத்தேன். "இதைப் பிரி" என்றேன். நெளிந்தான். என் கணவர் அடுத்த அறையில் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். (பிறகு வந்து நின்று கவனமாகக் கேட்டார், அவருக்கே தெரியாத இரண்டு விஷயம் இருந்தது.) முதலில் தேதியைப் பார்க்கச் சொன்னேன். மருந்துக்கு இருப்பது மாதிரி இதற்கும் காலாவதித் தேதி உண்டு. மேல் பாக்கெட்டை விரலால் அழுத்தினால் உள்ளே காற்று மெத்தென்று தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் எங்கோ ஓட்டை, தூக்கிப் போட்டுவிட வேண்டும். பல்லால் கடித்தோ கத்தரிக்கோலாலோ பிரிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டுத்தான் உருட்ட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் அதையே திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும், ஏனென்றால் முதலில் பட்ட பக்கத்தில் கசிவு ஒட்டியிருக்கலாம். ஆணுறை லேடெக்ஸ் என்ற ரப்பரில் செய்தது என்றால் எண்ணெய், வாசலின், உடம்புக்குப் பூசும் கிரீம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது, சில நிமிடத்திலேயே ரப்பர் பலமிழந்துவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் சேர்த்த ஜெல்தான் சரி. பாதுகாப்புக்கு இரண்டு போட்டால் இரட்டிப்புப் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் ஒன்றோடொன்று உராய்ந்து கிழியும். மணிபர்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டுப்போகும். இது அவன் நண்பர்கள் எல்லோரும் செய்வது என்று அவனே சொன்னான், கூச்சம் அத்தோடு போயிற்று.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னேன், அதை எல்லாப் பெற்றோரும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்: "நீ பொண்ணைக் காதலிச்சாலும் சரி, பையனைக் காதலிச்சாலும் சரி, இந்தப் பேச்சு உனக்கும் சேர்த்துத்தான்." என் பையன் யாரைக் காதலிப்பான் என்பது எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் ஆண்–பெண் என்று மட்டுமே பேசினால், ஆணை விரும்பும் பையன் இந்தப் பேச்சு தனக்கில்லை என்று எடுத்துக்கொள்வான். ஆபத்து அதிகமுள்ள இடமும் அதுதான். தொற்றுள்ள, மருந்து எடுக்காத ஒருவரோடு பாதுகாப்பில்லாமல் உறவுகொண்டால், ஆசனவாய் வழியாக ஏற்பவருக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 முறைக்கு ஏறக்குறைய 138 என்று கணக்கிட்டிருக்கிறார்கள், பெண்ணுறுப்பு வழியாக என்றால் 8. இதைக் கேட்டுவிட்டு எட்டுதானே என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. அது சராசரிக் கணக்கு. எதிரில் இருப்பவருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தாலோ, இருவரில் யாருக்காவது வேறு பால்வினை நோய் இருந்தாலோ எண் எங்கேயோ போய்விடும். கிளமிடியா, கொனோரியா மாதிரியானவை பல பேருக்கு எந்த அறிகுறியும் காட்டாது, அதிலும் பெண்களுக்கு. கவனிக்காமல் விட்டால் குழந்தை பிறப்பதையே பாதிக்கும், கண்டுபிடித்தால் ஆன்டிபயாடிக்கில் சரியாகிவிடும். பார்த்தால் நல்லா இருக்காங்களே என்பது பரிசோதனை ஆகாது.

தடுப்புக்கு ஆணுறை ஒன்றுதான் என்ற காலமும் போய்விட்டது. எச்.ஐ.வி. இல்லாதவர் முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் பிரெப் மாத்திரை 2012இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இப்போது ஊசியும் வந்துவிட்டது. லெனகாபவிர் என்ற மருந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2024இல் வந்தது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. 2025 ஜூலையில் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்துவிட்டது. எல்லாப் பிள்ளைக்கும் இது தேவை என்று சொல்லவில்லை, ஆனால் இப்படி ஒன்று இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசியைப் பற்றி ஒரு வரி: 9 முதல் 14 வயதுக்குள், உடலுறவு என்ற பேச்சே வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். "இவ்வளவு சின்ன வயசிலயா" என்று தள்ளிப் போடாதீர்கள். அது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பு.

இத்தனை மருத்துவம் பேசிவிட்டுச் சம்மதத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் ஒன்றுக்கும் உதவாது. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளையால் ஆணுறை போடு என்றும் சொல்ல முடியாது. என் பையனிடம் நான் சொன்னது, எதிராளி பேசாமல் இருந்தால் அது சரி என்று அர்த்தமில்லை, நேற்று சரி என்றது இன்றைக்குச் செல்லாது, போதையில் இருப்பவர் சொல்லும் சரி சரியே இல்லை. மகளிடமும் இதையேதான் சொல்கிறேன், கூடவே ஒன்று: "ஆணுறை வேணாம்னு அடம் பிடிக்கிறவன் உன்னைப் பத்திக் கவலைப்படலைன்னு அர்த்தம்." போனில் பார்க்கிற ஆபாசப் படங்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை, யாரும் ஆணுறையைத் தேடுவதில்லை. நீங்கள் பேசவில்லை என்றால் பாடம் அங்கிருந்துதான் வரும். அந்தரங்கப் படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதே, எதையும் அழிக்காதே, நேராக என்னிடம் வா என்று இருவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அங்கேயும் ஒளித்துவைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் மிரட்டுகிறவனுக்குத்தான் லாபம்.

சரி, ஒருநாள் உண்மையிலேயே வந்து நிற்கிறது பிள்ளை. முகம் வெளுத்திருக்கிறது. அப்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை இப்போதே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் தானாக வருவது பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். என்னுடையது: "சொன்னது நல்லது. எப்போ நடந்தது?" யாரோடு, ஏன், எங்கே போயிருந்தாய் என்பதெல்லாம் காத்திருக்கட்டும். முதலில் மணிக்கணக்குத்தான் வேண்டும். வற்புறுத்தல் நடந்திருந்தால் குளிக்காமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், ஏற்கெனவே குளித்திருந்தாலும் பரவாயில்லை, கிளம்புங்கள். மருத்துவரிடம் "எச்.ஐ.வி. தடுப்புக்கு பெப் வேண்டும்" என்று நேரடியாகவே கேளுங்கள். அங்கிருப்பவர் தயங்கினாலோ, தெரியாது என்றாலோ, எங்கே கிடைக்கும் என்று கேட்டு அன்றைக்கே அங்கே போய்விடுங்கள். உள்ளே பிள்ளை மருத்துவரிடம் தனியாகப் பேச விரும்பினால் வெளியே உட்காருங்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் பரிசோதனை. அன்றைக்கு எடுக்கும் ரத்தம் காட்டுவது பழைய நிலையைத்தான், நேற்று நடந்ததை அது காட்டாது. ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்யும் ஆன்டிஜென்–ஆன்டிபாடி சோதனையில் (வைரஸின் புரதத்தையும், அதை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியையும் சேர்த்துத் தேடுவது) தெரிய 18 முதல் 45 நாள் ஆகலாம், ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் விரைவுச் சோதனைகளுக்கு 90 நாள் வரைகூடப் போகும். பெப் சாப்பிட்டிருந்தால் 28 நாள் முடிந்த பிறகு எப்போது எப்போது வர வேண்டும் என்று மருத்துவர் தேதி கொடுப்பார். பிள்ளை மறந்துவிடும், அல்லது மறந்த மாதிரி இருக்கும். அந்தத் தேதிகளை உங்கள் போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். திட்ட வேண்டியதைக் கடைசிப் பரிசோதனை முடிவு வந்த பிறகு திட்டிக்கொள்ளலாம்.